முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவனுக்கு

எனக்குப் பொறாமை உண்டு. அதை நான் மறைச்சதில்ல. ஊர்ல எல்லாருக்கும் இருக்கறது தான், அவங்க வெளிய சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடுவேன், அவ்ளோ தான் வித்தியாசம். ஆனா ஒரே ஒரு ஆளு மேல இருந்த பொறாமையை மட்டும் யார்கிட்டயும் சரியா சொன்னது கிடையாது. அவன் என் பெரியப்பா மகன். என்னை விட நாலு மாசம் மூத்தவன். அந்த நாலு மாசத்துக்காக அவனை அண்ணான்னு கூப்பிடணுமாம். கூப்பிட்டேன். நேர்ல அண்ணா, மனசுக்குள்ள அவன்.

எழுபதுகளோட நடுவுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பழைய டிராக்டர் வாங்கினோம். எங்க ஊரு கீழ்பென்னாத்தூருக்கு உள்ள தள்ளி இருக்குது. அப்ப அங்க டிராக்டர் வச்சிருந்த வீடு ஒண்ணு ரெண்டு தான். என்ன கம்பெனி வண்டிங்கறது இப்ப வேணாம். எங்களுக்கு முன்னாடி மூணு கை மாறினது, சிவப்புப் பெயிண்ட் வெயில்ல வெளுத்து செங்கல் கலருக்கு வந்திருந்துச்சு. ஸ்டார்ட் பண்ணா முதல்ல இருமும், அப்பறம் வெள்ளையா புகை விடும், அதுக்கப்பறம் மனசு வந்தா ஓடும்.

வாங்கின அன்னைக்கே திருவண்ணாமலைக்கு ஓட்டிக்கினு போய் ராஜகோபுரத்துக்கு எதிர்ல நிறுத்தி பூஜை போட்டோம். குருக்கள், "யார் பேருக்கு அர்ச்சனை?"ன்னு கேட்டாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அவங்கவங்க நட்சத்திரத்தைச் சொன்னோம். அவரு எங்க மூஞ்சியை மாறி மாறிப் பார்த்துட்டு, "சாமி பேருக்கே பண்ணிடறேன்"னாரு. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாச்சு. ஏறி ஓட்டி நசுக்கறது யாருன்னு ஒரு பேச்சு வந்துச்சு. "நீயே ஏறுடா"ன்னுட்டான் அவன். சுத்தி நின்ன ஜனம் அவனைத் தான் பார்த்துச்சு. ஏறி உட்கார்ந்தவனை ஒருத்தரும் பார்க்கல.

ரெண்டு பேருக்கு ஒரு வண்டின்னா எப்படி ஓட்டறது? அதுக்கு எங்க ஆளுங்ககிட்ட ஏற்கெனவே ஒரு வழி இருந்துச்சு. எங்க கெணறு பங்காளிங்க பொதுவுல இருந்தது. தண்ணி இறைக்க முறை உண்டு. மூணு நாள் அவங்க, மூணு நாள் நாங்க, பொழுது விடிஞ்சா முறை மாறும். என் முறையில அவன் பயிரு வாடினாலும் வாய்க்கால் என் பக்கம் தான் பாயும். தாத்தா காலத்து ஏற்பாடு, சண்டையில்லாம நடந்துக்கினு இருந்துச்சு. அதையே டிராக்டருக்கும் வச்சுட்டாங்க பெரியவங்க. மூணு நாள் அவன், மூணு நாள் நான். யோசிச்சுப் பாருங்க, கெணத்துல தண்ணி தினமும் ஊறும். மழை அப்படி தினமும் பெய்யுமா? இது அங்க உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷனுக்கும் தோணல. எனக்கும் தான் தோணல.

அதோட விட்டாங்களா? ரிப்பேர் வந்தா யார் பார்க்கறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. என் முறையில கெட்டா நான், அவன் முறையில கெட்டா அவன்னு வச்சா, கெடப் போற வண்டியை அவனவன் நைசா அடுத்தவன் தலையில தள்ளிடுவான்னு ஒருத்தர் சொன்னாரு. எங்களைப் பத்தி நல்லா தெரிஞ்ச ஆளு. அதனால நிலம் பிரிக்கற மாதிரி வண்டியையும் குறுக்கால பிரிச்சாங்க. முன்பக்கம் ஒரு பங்கு: இன்ஜின், ரேடியேட்டர், சின்ன சக்கரம் ரெண்டு. பின்பக்கம் ஒரு பங்கு: கியர் பாக்ஸ், பெரிய சக்கரம் ரெண்டு, கலப்பை. சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாங்க. முன்பக்கம் எனக்கு விழுந்துச்சு. இன்ஜினே என்துன்னு அன்னைக்கு நான் குதிச்சேன், பைத்தியக்காரன்.

பின்பக்கம் வெறும் இரும்பு. அது என்னைக்குக் கெட்டுது? ரேடியேட்டர் ஒழுகும், பேன் பெல்ட் அறுந்து போகும், பில்டர் அடைச்சுக்கும், ஹெட் கேஸ்கெட் போகும். எல்லாம் முன்பக்கம். ஏதாவது ஒண்ணைக் கழட்டி சாக்குல கட்டித் தூக்கிக்கினு பஸ் ஏறி நான் திருவண்ணாமலைக்குப் போவேன். அவன் எதிர்ல சைக்கிள்ல வருவான். "இன்னாடா, திரும்பவுமா?"ன்னு கேப்பான். பாவம்னு தான் கேப்பான். எனக்கு அது தான் பொறுக்காது.

டவுன்ல ஒரு பட்டறை இருந்துச்சு. அங்க இருந்த மெக்கானிக் வாயைத் திறக்க மாட்டாரு, கையை மட்டும் பார்த்துக்கினு இருக்கணும். பார்த்துப் பார்த்தே நான் வேலை கத்துக்கினேன். முக்கியமா டீசல் வண்டியில ஏர் எடுக்கற வேலை. டீசல் பைப்புக்குள்ள காத்து பூந்துட்டா வண்டி நின்னுடும், எத்தினி தடவை செல்ப் அடிச்சாலும் கிளம்பாது. பில்டர் மேல இருக்கற ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்க அடிக்க நுரையா வரும். நுரை நின்னு சுத்த டீசல் வந்ததும் முறுக்கிடணும். தெரிஞ்சவனுக்குப் பத்து நிமிஷ வேலை. தெரியாதவன் நாள் பூரா நின்னுக்கினே இருக்கணும். எங்க ஊர்ல இது எனக்கு மட்டும் தான் தெரியும். அவனுக்குத் தெரியாது. அவனோடது தான் பின்பக்கமாச்சே, அவன் எதுக்குக் கத்துக்கப் போறான்?

ஆனா ஓட்டறதுல அவன் தான் ராஜா. நான் ஓட்டினா உழவு சால் பாம்பு போன தடம் மாதிரி கிடக்கும். அவன் ஓட்டினா நூல் புடிச்ச மாதிரி இருக்கும். வரப்பு மேல நின்னு பார்த்துட்டு என் பொண்டாட்டியே ஒரு நாள், "அவரு எவ்ளோ நேரா ஓட்டறாரு பாருங்க"ன்னு சொன்னா. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. தீபத்தன்னைக்கு டிரெய்லர்ல ஊர் ஜனத்தை ஏத்திக்கினு திருவண்ணாமலைக்குப் போறது உண்டு. ரெண்டு வருஷம் அடுத்தடுத்து தீபம் அவன் முறையில தான் வந்துச்சு. மலை மேல தீபம் ஏறினதும் எல்லாரும் அரோகரான்னு கத்தறாங்க, நான் டிரெய்லர்ல ஒரு மூலையில நின்னுக்கினு டிரைவர் சீட்டையே பார்த்துக்கினு இருக்கேன். என்னை மாதிரி பக்தன் எவன் இருக்கான்?

தீபம் போனா போவுது. மழை தான் என்னைக் கொன்னுச்சு.

எங்க பக்கம் ஆடியில ஒரு நல்ல மழை வந்தா வேர்க்கடலை போடுவோம். நாங்க மல்லாட்டைன்னு சொல்லுவோம். மழை பெய்ஞ்ச அன்னைக்கு மண்ணு காலோட ஒட்டும், உழ முடியாது. மறுநாள் பதம் வரும். அதுல இருந்து ரெண்டு நாளோ மூணு நாளோ, அவ்ளோ தான், அதுக்குள்ள உழுது விதைச்சாகணும். என் நிலம் மேடு, செம்மண்ணு, கெணத்துத் தண்ணியும் ஏறாது. அவன் நிலம் பள்ளம், ஏரிக்குக் கீழ இருக்கற களிமண்ணு. மழை என்னவோ அவன்கிட்ட கேட்டுக்கினு வர்ற மாதிரி அவன் முறைக்கு முந்தின சாயங்காலம் தான் வரும். நம்ப மாட்டீங்க. மூணு வருஷம் இதே கதை. அவன் முறை முடிஞ்சு வண்டி என் கைக்கு வர்றதுக்குள்ள என் மேட்டு நிலம் அப்பளம் மாதிரி காஞ்சிருக்கும். உள்ளூர்ல ஏர் மாடு வச்சிருந்தவங்க பாதிப் பேரு அதுக்குள்ள வித்துட்டாங்க, மீதிப் பேரு அவங்க நிலத்துல இருப்பாங்க, யாரைப் போய் கேக்கறது? மூணாவது வருஷம் காய்ஞ்ச மண்ணுல போட்ட விதையில பாதி முளைக்கல. வீட்டுல மிஞ்சினது அடுத்த விதைக்கு வேண்டிய மல்லாட்டை மட்டும் தான்.

அதுக்கு அடுத்த வருஷம், எண்பதுக்கு அப்பறம் தான். ஆடி பொறந்து மழைக்காகக் காத்துக்கினு இருக்கோம். என் பொண்டாட்டி ஒரு வாரம் உட்கார்ந்து அந்த மல்லாட்டை பூராவும் கையால உடைச்சு விதைக்கொட்டை ஆக்கி வச்சுட்டா. விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு அவளுக்கு. ஓடு உடைச்ச கொட்டையை ரொம்ப நாள் வைக்க முடியாது, பூச்சி புடிச்சுடும். இந்த மழை தப்பினா விதையும் இல்ல, வெள்ளாமையும் இல்ல. "இந்த வாட்டியாவது நம்ம முறையில வரணும்"னு சாமி மாடத்துல விளக்கு வச்சா.

மழை வந்துச்சு. என் முறையோட கடைசி நாள் சாயங்காலம் வந்துச்சு. நல்ல மழை, ஒரு மணி நேரம் ஊத்திட்டு நின்னுடுச்சு. விடிஞ்சா வண்டி அவனுக்கு. நான் கொட்டகையில நின்னு வண்டியைப் பார்க்கறேன். அவனுக்குன்னே பெய்யுதா இந்த மழை? அவன் என்ன தவம் பண்ணான்? நேரா போய், "அண்ணா, இந்த ஒரு தடவை முறையை மாத்திக்கலாம், என் நிலத்தை முதல்ல உழுதுக்கறேன்"னு கேட்டிருக்கலாம். வாய் வரல. அவன்கிட்ட போய் கையேந்தி நிக்கறதுக்கு மல்லாட்டை பூச்சி புடிச்சுப் போகட்டும்னு இருந்துச்சு.

இன்னும் வெளிச்சம் இருந்துச்சு. ஸ்பேனரை எடுத்தேன். டேங்க்ல இருந்து டீசல் வர்ற பைப்போட நட்டை அரை சுத்து தளர்த்தினேன். நிக்கும்போது லேசா ஈரம் கசியும். அந்தப் பழைய வண்டியில ஈரம் இல்லாத இடம் எது? ஓட ஓட கொஞ்சம் கொஞ்சமா காத்தை இழுத்துக்கும், அரைமணியில நின்னுடும். அவனுக்கு ஏர் எடுக்கத் தெரியாது. என்னைத் தேடிக்கினு தான் வந்தாகணும். வந்ததும், "சரி பண்ணித் தர்றேண்ணா, ஆனா முதல்ல என் நிலம்"னு சொல்லிடணும். கையேந்தறது அவனா இருக்கட்டும். அப்படி ஒரு கணக்கு போட்டுட்டு வீட்டுக்கு வந்து நல்லா சாப்பிட்டேன்.

விடியக்காலையில அவன் வந்து வண்டியை எடுத்தது படுத்துக்கினே கேட்டேன். சத்தம் ஏரிக்கரை வரைக்கும் போச்சு, அதுக்கப்பறம் மேல்காத்து அடிச்சதுல எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியல. கொஞ்ச நேரத்துல சத்தம் இருமுச்சு. நின்னுடுச்சு.

"வண்டி நின்னுடுச்சு போலிருக்குதே"ன்னா என் பொண்டாட்டி.

"வருவான் இரு"ன்னேன். காப்பி வாங்கிக் குடிச்சேன். முகம் கழுவினேன். வெத்தலை போட்டேன். அவன் வரல. வெயில் ஏறிடுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள கோவம் வந்துச்சு. என்னா திமிரு பாரு, என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவான்? அவனுக்கு ஈரம் காய்ஞ்சா எனக்கு என்னன்னு உட்கார்ந்துக்கினு இருந்தேன்.

மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போன என் பொண்டாட்டி ஓடி வந்தா. "ஏங்க, வண்டி நம்ம நிலத்துல தான் நிக்குது! உங்கண்ணன் தனியா கிடந்து அல்லாடறாரு, நீங்க இங்க வெத்தலை போட்டுக்கினு உட்கார்ந்திருக்கீங்களே?"

எனக்குப் புரியல. நம்ம நிலத்துலயா?

போய்ப் பார்த்தா நிஜந்தான். என் மேட்டு நிலத்துல வண்டி நிக்குது. வரப்பு ஓரமா ஒண்ணரை சுத்து உழுதிருக்கான், நூல் புடிச்ச மாதிரி. கையெல்லாம் டீசல். எதை எதையோ தொடைச்சுப் பார்த்துக்கினு இருக்கான். என்னைப் பார்த்ததும், "நேத்து பூரா நீ வண்டியில இருந்தியே, அசந்து தூங்கறவனை எழுப்ப வேணாம்னு பார்த்தேண்டா. நானே எதனா பண்ணிப் பார்க்கலாம்னா ஒண்ணும் புரியல"ன்னான்.

"இங்க ஏன் ஓட்டறண்ணா? உன் முறை தானே?"

"உன்து மேடு. நாளைக்கே காஞ்சுடும். என்து பள்ளம், மூணு நாள் தாங்கும். போன வருஷமே எனக்குத் தோணுச்சு, நீ ஒண்ணும் கேக்கலயேன்னு விட்டுட்டேன்."

ஸ்பேனரை எடுத்துக் குனிஞ்சேன். அங்க தான் என் கை என்னைக் காட்டிக் குடுத்துடுச்சு. வண்டி நின்னா முதல்ல டேங்கைத் திறந்து பார்க்கணும், அப்பறம் பில்டரைப் பார்க்கணும். எந்த மெக்கானிக்கும் அப்படித் தான் பார்ப்பான். இன்ஜின் தெரியாதவனுக்குக் கூட அது தெரியும். என் கை எதையும் பார்க்காம நேரா அந்த நட்டுக்குப் போச்சு. அரை சுத்து முறுக்குச்சு. அதுக்கப்பறம் தான் ஏர் எடுக்கப் போனேன். தலையைத் தூக்கினா அவன் என் கையையே பார்த்துக்கினு நிக்கறான்.

பத்து நிமிஷத்துல வண்டி கிளம்பிடுச்சு. அவன் ஏறி உட்கார்ந்து, விட்ட இடத்துல இருந்து உழ ஆரம்பிச்சான். அன்னைக்கு முழுக்க உழுதான், மறுநாள் மத்தியானம் வரைக்கும் உழுது என் நிலத்தை முடிச்சுட்டு அப்பறம் தான் அவன் நிலத்துக்குப் போனான். என் நிலத்துல பொழுது போனது போக மிச்ச முறையில அவன் நிலத்துல முக்கால் பங்கு தான் ஆச்சு. விடிஞ்சா என் முறை. கால் பங்கு உழாம கரம்பா கிடந்துச்சு, அவன் கேக்கல, நானும் வண்டியைக் குடுக்கல.

அந்த வருஷம் எனக்கு மல்லாட்டை வெளைஞ்சுச்சு பாருங்க, அப்படி ஒரு வெளைச்சல். நியாயமா எனக்கு என்ன வரணும்? நன்றி வரணும், வெக்கமாவது வரணும். வந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கெல்லாம் மேல பொறாமை தான் வந்துச்சு. இதுவரைக்கும் அவன் மழையைப் பார்த்து, அவன் உழவைப் பார்த்து வயிறு எரிஞ்சவன் நான். இப்ப நல்லவனா வேற இருந்து தொலைக்கறான். மழையாவது ஒரு வருஷம் இல்லன்னா ஒரு வருஷம் எனக்கும் பெய்யும். அவன் பண்ணதை நான் பண்ணுவேனா? மாட்டேன்னு எனக்குத் தெரியும். அது தான் நெஞ்சை அறுத்துச்சு. அவன் எதிர்ல வந்தா நான் வேற சந்துல திரும்பிடுவேன்.

மறு வருஷம் ஆடியில மழை அவன் முறையோட கடைசி சாயங்காலம் பெய்ஞ்சுது. விடிஞ்சா வண்டி எனக்கு. அத்தினி வருஷத்துல முதல் தடவை. ஒண்ணரை நாள்ல என் நிலத்தை உழுது முடிச்சுட்டேன், என் பொண்டாட்டி ஆளுங்களை வச்சு பின்னாடியே விதைச்சுட்டா. இன்னும் ஒண்ணரை நாள் என் முறை பாக்கி. அந்த வருஷம் மேல்காத்து பேய் மாதிரி அடிச்சுது, பள்ளத்து நிலமே மூணு நாள் தாங்காதுன்னு பார்க்கறவனுக்குத் தெரியும். களிமண்ணு காய்ஞ்சா கல்லு.

"உங்கண்ணன் நிலத்துக்குப் போறீங்க இல்ல?"ன்னு கேட்டா அவ.

"போறேன் போறேன்"ன்னேன்.

வண்டியை கெணத்தடிக்கு ஓட்டிக்கினு போய் நிறுத்தினேன். சக்கரத்துல சேறா இருக்குதே, கழுவிட்டுப் போலாம்னு ஒரு குடம் தண்ணி ஊத்தினேன். அப்பறம் இன்னொரு குடம். மட்கார்டைக் கழுவினேன். கலப்பையை ஒவ்வொரு கொக்கியா தேய்ச்சேன். அது அவன் பங்கு, அதையும் தேய்ச்சேன். மறுநாளும் கழுவினேன். கிரீஸ் வச்சேன். சீட்டுக்கு அடியில இருந்த மண்ணைக் குச்சியால நோண்டி எடுத்தேன். பள்ளத்துல அவன் வரப்பு மேல வந்து நிக்கறது அங்கிருந்தே தெரிஞ்சுது. ஒரு தடவை நின்னுட்டுப் போனான். மத்தியானம் திரும்பவும் வந்து நின்னான். குனிஞ்சு ஒரு புடி மண்ணு எடுத்துப் பார்த்தான். நான் முதுகைத் திருப்பிக்கினு ரேடியேட்டரைத் தொடைச்சேன்.

விடிஞ்சதும் வந்தான். வண்டியைச் சுத்தி ஒரு தடவை நடந்தான். திட்டுவான்னு பார்த்தேன். திட்டட்டும்னு தான் நின்னேன், திட்டினா பதிலுக்கு நானும் கத்திட்டு வேலையைப் பார்க்கலாம்.

"நல்லா கழுவியிருக்கறடா"ன்னான். ஏறி ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கினு போயிட்டான்.

கலப்பை காஞ்ச மண்ணு கட்டியில மோதி எகிறற சத்தம் வீடு வரைக்கும் கேட்டுச்சு. என் பொண்டாட்டி முந்தானையை இழுத்து சொருகிக்கினு, விதைக் கூடையை எடுத்து இடுப்புல வச்சா. எங்க போறேன்னு கேட்டேன்.

"உங்கண்ணன் நிலத்துல விதை போட ஆளு வேணும் இல்ல"ன்னா. "சோறு பானையில இருக்குது, போட்டுத் துன்னுங்க."